கோடு வளையும் வரைக்கும் கோழி அடிக்கக் கூடாது

ஒரு நாட்டுச் சேவல் எவ்வளவு பெரிதாக வளரும் என்று எங்கள் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "நல்லா மேஞ்சா ரெண்டு கிலோ வருமுங்க" என்பார்கள். அது சேவல் வளர்ந்து முடித்த எடை அல்ல, அடித்துக் குழம்பு வைக்கிற எடை. நாமக்கல் சீமையில் ஒரு சேவல் தன் வளர்ச்சியை முழுசாக முடித்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. இந்தச் சின்ன உண்மை புத்தியில் உறைக்காமல், நாட்டுச் சேவல்களின் வளர்ச்சியைக் கணிதத்தில் எழுதப்போகிறேன் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவள் நான்.

நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லித் தருகிறேன். வாக்கப்பட்டது பரமத்தி வேலூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். கணவர் ரிக் வண்டியோடு வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். மாமனார் வெற்றிலைக் கொடிக்காலே கதி என்று இருப்பவர். இந்தக் கதையில் அவருக்குப் பெரும்பாலும் சாப்பிடுகிற வேலைதான். மீதி எல்லா வேலையும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கோழிக்குஞ்சு பொரித்த புதிதில் மெதுவாக வளரும். அப்புறம் கிடுகிடுவென்று வளரும். பிறகு வேகம் குறைந்து ஓர் எடையில் நின்றுவிடும். வாராவாரம் எடை பார்த்துத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், கோடு முதலில் தரையோடு தவழும், பிறகு ஏணி ஏறும், கடைசியில் வளைந்து படுத்துக்கொள்ளும். இந்தக் கோட்டுக்கு ஒரு சமன்பாடு உண்டு. அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: எங்கே தொடங்கியது, எவ்வளவு வேகமாக ஏறியது, எங்கே போய் நிற்கும். முதல் இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். மூன்றாவது கிடைக்க வேண்டுமென்றால் கோடு வளைய வேண்டும். கோடு வளைய வேண்டுமென்றால் சேவல் உயிரோடு இருக்க வேண்டும்.

ஊரைச் சுற்றிப் பண்ணைகள் இருக்கின்றனவே, அங்கே போய் அளக்கக்கூடாதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். கறிக்கோழிப் பண்ணையில் கோழி ஏணியில் பாதி ஏறும்போதே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். முட்டைப் பண்ணையில் சேவலுக்கு வேலையே இல்லை. அதுவும் போக, அந்தக் கோழிகளின் எடையெல்லாம் ஏற்கெனவே அச்சடித்த அட்டவணையாகவே கிடைக்கிறது. தோட்டத்தில் மேய்கிற நாட்டுச் சேவலுக்குத்தான் கணக்கு இல்லை. அது எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று கூவுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அத்தையிடம் சொன்னேன். "அதுக்கென்ன சாமி, தாராளமா அளந்துக்கோ" என்றார். அளப்பது என்றால் கொல்லாமல் அளப்பது என்று நான் விளக்கிச் சொல்லவில்லை.

அடை கோழிகளை வைத்துக் குஞ்சு பொரித்தோம். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் எண் போட்ட வளையம் மாட்டினேன், வளர வளரப் பெரிய வளையமாக மாற்றினேன். எது சேவல், எது பெட்டை என்று தெரிந்தபின் பெட்டைகளைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டேன். முப்பது சேவல்கள் தேறின. ஞாயிற்றுக்கிழமை காலையில், தீனி போடுவதற்கு முன்னால், எடை பார்ப்போம். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் சேவலைத் தலைகீழாக இறக்கி, பையின் காதைத் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். இருட்டானதும் எந்த வீராதி வீரச் சேவலும் சாதுவாகிவிடும். அத்தை பிடிப்பார், நான் எடையைப் படிப்பேன். கொத்து வாங்குவதும் அத்தைதான். ஆனால் வலிக்கிறது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

முதல் சில மாதங்கள் கோடு ஜம்மென்று ஏறியது. புள்ளிகளைப் பார்த்துவிட்டு நானே எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்ட நாள் உண்டு.

பிறகு ஒருநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வருகிறேன், கேட்டைத் திறக்கும்போதே மசாலா வாசம் மூக்கைத் துளைத்தது. நாத்தனாரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். வீட்டு மாப்பிள்ளை வந்தால் கோழி அடிக்காமல் சோறு போடுவது என்பது எங்கள் ஊரில் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். நான் கைகால் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அத்தை முந்தானையிலிருந்து எதையோ அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். கால் வளையம். பதினாலாம் எண்.

"பத்திரமா கழுவி வெச்சிருக்கறேன் கண்ணு. சோப்புப் போட்டுக் கழுவுனது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் எழும்பாது, கண்ணீர்தான் வரும். அன்றைக்கு மசாலா நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். நான்கு நாள் கழித்துத்தான் வாய் திறந்தேன். "அத்தை, வளையம் போட்டதை மட்டும் வேண்டாங்க. மத்தது எதை வேணா அடிச்சுக்கங்க." அத்தை உண்மையாகவே வருத்தப்பட்டார். "மத்ததெல்லாம் முட்டை உடற கோழி சாமி. அதை அடிக்கலாமா? இனிமே அடிக்கல உடு" என்றார். அடுத்த வாரமே வாழப்பாடியிலிருந்து மாமனாரின் சித்தப்பா மகன் வந்தார். வளையம் கைக்கு வந்தது. அப்புறம் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு வந்தவர்கள். அப்புறம் பக்கத்து ஊரில் பெண் பார்க்க வந்து, வழியில் எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்தவர்கள். ஒரம்பரை, அதாவது விருந்தாளி, என்று வாசலில் ஒரு செருப்பு கழன்றால், கூண்டில் ஒரு சேவலுக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் ஆராய்ச்சியில் எல்லாம் வாய்க்கு எட்டிக்கொண்டே இருந்தது, கைக்குத்தான் ஒன்றும் எட்டவில்லை. நானும் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை வைக்கிற குழம்பு அப்படி.

இருந்தாலும் ஒரு நாள் எனக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. அந்த மாதத்துப் புள்ளிகளை வைத்துப் பார்த்தால் கோடு வளைய ஆரம்பித்திருந்தது. சராசரி எடை ஏறுவது குறைந்து, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு ஓடினேன். என் நெறியாளர் அங்கேதான் இருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார்.

"நாட்டுச் சேவல் இவ்வளவு சீக்கிரமா நிக்காதேம்மா. எத்தனை சேவல் இது?"

"ஆரம்பத்துல முப்பது சார்."

"இப்ப?"

"ஒன்பது."

"மத்ததுக்கு என்ன ஆச்சு? சீக்கா?"

"இல்லீங்க சார். விருந்தாளிங்க வந்தாங்க."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "எதை அடிச்சீங்க? பெருசையா, சிறுசையா?"

விருந்தாளிக்கு யாராவது சிறுசை அடிப்பார்களா? அத்தை ஒவ்வொரு தடவையும் கூண்டுக்குள் கைவிட்டுத் தூக்கிப் பார்த்து, கனமானதைத்தான் எடுப்பார். அப்படியென்றால் வேகமாக வளர்ந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்கைவிட்டுப் போய்விட்டது, சோப்ளாங்கிகள் மட்டும் மிஞ்சிச் சராசரியைக் கீழே இழுத்திருக்கின்றன. வளைந்தது சேவல்களின் வளர்ச்சி இல்லை, எங்கள் வீட்டு விருந்தோம்பல். எனக்கு அந்த இடத்திலேயே காது சுட்டது. கணக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு இதைக்கூடப் பார்க்காமல் பூ வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நெறியாளர் முதலில் சிரித்தார். ஆனால் சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு சேவலுக்கும் தனித்தனிக் கோடு போட்டால் இந்த ஒன்பதை வைத்துக் கரை சேரலாம், ஆனால் ஒன்பதும் வளர்ந்து நிற்கிற வரைக்கும் உயிரோடு இருந்தாக வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றார். இன்னொரு முறை குஞ்சு பொரித்து வளர்க்க நேரம் இல்லை. என் பதிவுக் காலத்தை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்தாயிற்று. அந்த வைகாசியோடு முடிகிறது. ஒன்பது சேவலும் நின்றால் எனக்குப் பட்டம், இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குழம்பு.

வீட்டுக்கு வந்து வாசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டு அத்தைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"பெருசா பாத்து அடிச்சது தப்பாப் போச்சா? செரி அழுவாத. இனிமே சிறுசா பாத்து அடிக்கறேன்."

"சிறுசை அடிச்சா கோடு அந்தப் பக்கமா பொய் சொல்லுமுங்க அத்தை!"

"பெருசத் தின்னாலும் பொய்யி, சிறுசத் தின்னாலும் பொய்யின்னா, நாட்டுல ஒரம்பரைக்கு என்னதான் போடறது?"

அவர் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வந்தவர்களிடம் கோழி இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. அவர் அம்மாவுக்கும் எழுந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தால் ஒன்பது சேவலையும் இரண்டு கூடையில் போட்டு, மாமனார் தலையில் ஒன்று, தன் தலையில் ஒன்றாகத் தோட்டத்து மூலையில் இருக்கிற கருப்பணார் கல்லுக்குப் புறப்பட்டுவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். மஞ்சள் தண்ணியைச் சேவல்கள் மேல் தெளித்து, கற்பூரம் காட்டி, சத்தமாகவே சொன்னார்.

"அய்யனே, இந்த ஒம்பதும் இனி உன்றது. என்ற மருமவ எழுதற பொஸ்தகம் நல்லபடியா முடியற வரைக்கும் ஆரும் தொடமாட்டோம். முடிஞ்சதும் உனக்குப் படையல் போட்டுப் போடறோம். நடுவுல ஆராச்சும் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

பாம்பும் சாகாமல் கோலும் நோகாமல் என்பது இதுதான். சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை யாரும் கேட்கமாட்டார்கள். மறுபடி வந்த நாத்தனார் வீட்டுக்காரர் கூண்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முட்டைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சாமி காரணம் என்பதால் அத்தைக்கும் குறை இல்லை. அடுத்தடுத்து வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு தயிர்சோறு சாப்பிட்டார்கள்.

சேவல்கள் வளர்ந்தன. சோப்ளாங்கிகள் என்று நான் ஏளனமாக நினைத்தவைதான், நேரம் கொடுத்ததும் எப்படி வளர்ந்தன என்கிறீர்கள்! நான் பொய்யாகப் போட்ட அந்த வளைவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. கொண்டை சிவந்து, வால் வளைந்து, ஒவ்வொன்றும் ஊர்த் தலைவர் மாதிரி நடந்தது. பங்குனி வாக்கில் ஏற்றம் குறைய ஆரம்பித்தது. சில சேவல்கள் அடுத்தடுத்த வாரம் ஒரே எடையைக் காட்டின. எல்லாவற்றிலும் பெரியது மட்டும் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தவம் கிடந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையும் நானும் எடை பார்த்துக்கொண்டிருக்கையில் போன் வந்தது. நெறியாளர். கரூருக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்புகிறாராம், பரமத்தி வேலூர் வந்துவிட்டாராம், சேவல்களை ஒரு பார்வை பார்க்கலாமா என்றார். சொல்லி முடித்துச் சேவல்களைக் கூண்டில் சேர்ப்பதற்குள் கார் வாசலில் நின்றது.

அத்தையின் முகத்தை நான் அன்றைக்கு மாதிரி எப்போதும் பார்த்ததில்லை. மருமகளின் வாத்தியார். முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டிய நேரத்தில். மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரையும்விட ஒருபடி மேலான ஒரம்பரை. வேலூருக்கு ஆள் அனுப்பிக் கடைக்கறி வாங்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னதற்கு, "பிராய்லரப் போட்டு அனுப்பறதுக்கா அவரு வந்தாரு?" என்று சீறினார். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் ஒன்றைப் பிடித்து வர மாமனாரை ஒரு கைப்பிடி கம்புத் தானியத்தோடு விரட்டினார். பகலில், மேய்ச்சலில் இருக்கிற நாட்டுச் சேவலை மனிதனால் பிடிக்க முடியுமா? மாமனார் கொடிக்காலைச் சுற்றி நாலு முறை ஓடிவிட்டு, வேட்டியெல்லாம் சேறாக, வெறுங்கையோடு வந்தார். கம்பை மட்டும் சேவல் தின்றிருந்தது.

பெரிய சேவலை நெறியாளர் கண் முன்னால் எடை போட்டுக் காட்டினோம். அத்தைதான் பையைப் பிடித்திருந்தார். நெறியாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னார்: "என்னம்மா இது, அளக்க வளர்த்த மாதிரி தெரியலையே. குழம்பு வெச்சா ஊருக்கே போதும் போல இருக்கே!"

ஒரம்பரை தன் வாயால் கேட்டுவிட்டார். சேவல் அத்தையின் கையிலேயே இருக்கிறது, பையோடு. அருவாமனை பத்தடி தூரத்தில். அத்தை என்னைப் பார்க்கவில்லை. சேவலைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"மத்தியானம் இருந்து ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும் சார்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஊட்டுல கோழி இல்லீங்க. முட்டையும் பருப்பும்தான் இருக்குது."

சொல்லி வாய் மூடுவதற்குள் கூண்டில் ஒன்று கூவியது. அதைக் கேட்டு இன்னொன்று. ஒன்பதும் முறை வைத்துக் கூவி முடிக்கும் வரை நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். நெறியாளர் பெரிய மனிதர். "முட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா" என்றார்.

பந்தியில் நின்று வற்புறுத்திப் பரிமாறுகிற அத்தை, அன்றைக்கு இலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். அடுப்படியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"சாமிக்கு நேந்து உட்டதுன்னு சொல்லியிருக்கலாமுங்களே அத்தை. எல்லார்த்துக்கிட்டயும் அதைத்தான சொன்னீங்க?"

"அவருகிட்ட எப்புடிச் சொல்றது? நீ படிச்சுப் பாஸு பண்ணல, சாமி பாஸு பண்ணி உட்டுதுன்னு நெனைச்சுக்கமாட்டாரா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சேவல் கொத்திய தழும்பு விரலெல்லாம் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு அடிச்சுருங்க அத்தை. எட்டை வெச்சு நான் எப்படியாச்சும் எழுதிக்கறேன்" என்று சொன்னேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு அந்தக் கோடும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்றிருந்தது.

அத்தைக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "எதை அடிக்கட்டும்? பெருசையா, சிறுசையா? மறுக்காவும் பொய்க்கோடு போடறதுக்கா நான் அந்த மனுசங்கிட்ட இல்லைன்னு சொன்னேன்? போயி அவருக்குத் தயிரு ஊத்து போ."

போய்த் தயிர் ஊற்றினேன். நெறியாளர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.

பெரிய சேவல் சித்திரையில் நின்றது. ஒரு வாரம் இருந்த எடையே அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். தராசில் எண்ணை இரண்டு முறை படித்தேன். பையைப் பிடித்திருந்த அத்தை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, சேவலைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிப் பிடித்து ஒரு முத்தம் வைத்தார். அது அவர் காதுத் தோட்டைக் கொத்தியது.

அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பது கோட்டையும் போட்டேன். ஒன்பதும் வளைந்து படுத்திருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில். நான் தேடிய மூன்றாவது எண் கிடைத்துவிட்டது. வைகாசிக்கு முன்னால் எழுதி முடித்து, நெறியாளரின் கையெழுத்து வாங்கி, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரசீதைக் காட்டியதும் அத்தை அதைக் கருப்பணார் கல் இருக்கும் திசையில் ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டு, எனக்கே திருப்பித் தந்தார். நான் நெறியாளருக்கு நன்றி சொல்லலாம் என்று போனைப் போட்டேன். அவர் எடுத்து "சொல்லும்மா" என்பதற்குள் அத்தை என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், நானுங்க, மாமியாரு பேசறேன். வார ஞாயித்துக்கெழம நீங்க வந்தே ஆகோணும். காலைல எதுவும் திங்காம, வெறும் வயித்தோட வாங்க."